இருமல் என்னும் காவலாளி

(மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருமலைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்றதும் உங்களிற் சிலர் முறுவலிப்பதைக் காண்கின்றோம். இருமல் ஒரு தொல்லை, அதை எவ்வாறேனும் அடக்கிவிட வேண்டும் என்பதே பலரது எண்ணம். அது தொல்லையன்று, நம் உயிரைக் காக்கும் காவலாளி என்பதே இன்று யாம் சொல்ல வந்தது.

உண்ணும்போது புரையேறினால், "ஆரோ நினைக்கினம்" என்று சொல்லி அம்மம்மா நம் உச்சியிலே தட்டுவார். அன்பினாற் செய்வது அது. ஆனால் அவ்வேளையில் உள்ளே நடப்பது என்ன?

மூக்கின் வழி வரும் காற்று முன்னாலுள்ள மூச்சுக்குழலுக்கும், வாயின் வழி வரும் உணவு பின்னாலுள்ள உணவுக்குழலுக்கும் போதல் வேண்டும். ஆகவே இரு வழிகளும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. புகையிரதக் கடவையை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி வரும்போது தெருப் படலை மூடப்படுவதுபோல, நாம் விழுங்கும் கணத்திலே மூச்சு நின்றுவிடுகின்றது; குரல்வளை மேலெழுந்து இறுக மூடிக்கொள்கின்றது. கவளம் கடந்ததும் படலை திறக்கின்றது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை இது நிகழ்ந்தும் நாம் அறிவதில்லை. வாயில் உணவோடு பேசினாலோ சிரித்தாலோ படலை வேளை தவறித் திறக்க, ஒரு பருக்கை உள்ளே நழுவுகின்றது. அதுவே புரையேறுதல்.

குரல்வளையிலும், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் கவரிலும் நுண்ணிய நரம்பு முனைகள் நிறைந்துள்ளன. பருக்கை பட்டவுடன் செய்தி வேகசு நரம்பின் வழியே செல்கின்றது. வேகசு என்னும் இலத்தீன் சொல்லுக்கு அலைவது என்பது பொருள். தலையிலிருந்து வயிறு வரை அலைந்து திரிவதால் அந்நரம்புக்கு அப்பெயர். மூளை முண்ணாணோடு சேருமிடமாகிய முகுளம் அச்செய்தியைப் பெற்று, நம் உத்தரவுக்குக் காத்திராமல் மூன்று கட்டளைகளை விடுக்கின்றது.

முதலாவது, மூச்சை உள்ளே இழு என்பது. ஏறக்குறைய 2½ லீற்றர் காற்று உட்செல்கின்றது. இரண்டாவது, குரல்வளையை மூடி, வயிற்றுத் தசைகளையும் விலாவிடைத் தசைகளையும் சுருக்கு என்பது. உள்ளே அமுக்கம் உயர்கின்றது. மூன்றாவது, படலையைத் திற என்பது. காற்று மணிக்கு 75 முதல் 100 மைல் வரையான வேகத்திற் பாயும் என உடற்றொழிலியல் நூல்கள் கூறும். சூடான தாச்சியிற் பட்ட கை தானே பின்வாங்குவது போன்ற இச்செயலைத் தெறிவினை என்பர்.

செத்தல் மிளகாய் தாளிக்கும்போது வீடு முழுவதும் இருமுவதும் இக்காவலாளியின் வேலையே. மிளகாயிலுள்ள கப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனையையே தூண்டுகின்றது. அதனை உணரும் புரதத்தை 1997 இல் இனங்கண்ட டேவிட் ஜூலியஸ், 2021 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆடெம் பட்டபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். காதுக்குரும்பி எடுக்கும்போது சிலர் இருமுவதும் உண்டு. வேகசு நரம்பின் கிளையொன்று காதுத் துவாரத்துக்கும் செல்வதே காரணம்.

பூசை வேளையிலே இருமலைச் சற்று அடக்குகின்றோம். கதவருகில் நின்று வேண்டுமென்றே இருமி வரவை அறிவிக்கின்றோம். பெருமூளைக்கும் இதில் ஓரளவு அதிகாரம் உண்டு. ஆனால் இறுதி அதிகாரம் முகுளத்துக்கே.

இக்காவலாளி உறங்கிவிட்டால்? மதுவும், தூக்க மருந்தும், மயக்கமும் அவனை மந்தமாக்குகின்றன. பாரிசவாதம் கண்டவர்களிற் சிலருக்கு நரம்புச் செய்தியே சரிவரப் போவதில்லை. அவர்கள் இருமாமலே கஞ்சி சுவாசப்பைக்குள் இறங்கி, நியூமோனியாவை விளைவிக்கக் கூடும். இருமவில்லையாதலால் ஆபத்தில்லை என்று நாம் எண்ணுவோம். அந்த அமைதியே பேராபத்து.

ஆகவே இளைஞர்களாகிய நாம் நான்கு காரியங்களை மனத்திருத்த வேண்டும்.

ஒன்று, வீட்டிலுள்ள முதியவர் உண்ணும்போது அடிக்கடி இருமினாலோ, குடித்தபின் குரல் நனைந்தாற்போல் ஒலித்தாலோ கடிந்துகொள்ளாது வைத்தியரிடம் காட்டுதல். இரண்டு, பாரிசவாதம் கண்டவருக்கு விழுங்கும் வலிமை உண்டோவென வைத்தியர் பார்த்த பின்பே உணவு கொடுத்தல். கொடுக்கும்போது நிமிர்ந்திருக்கச் செய்து சிறிது சிறிதாகக் கொடுத்தல். மூன்று, மயங்கி விழுந்தவரின் வாயிலே தண்ணீரோ சோடாவோ ஊற்றாதிருத்தல். மூச்சு இருப்பின் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தலே தக்கது. நான்கு, புரையேறியவர் பலமாக இருமினால் இருமவிடுதல். இருமவும் பேசவும் இயலாது திணறினால், உச்சியில் அல்ல, முன்னே குனியச் செய்து இரு தோட்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை பலமாகத் தட்டுதல். அதனாலும் விலகாவிடின் வயிற்றை அழுத்தும் முறை உண்டு. அதனை முதலுதவி வகுப்பொன்றிலே பழகிக்கொள்வோமாக.

பெரியோர்களே, உயிர் பிரியும் வேளையிற் பால் பருக்குதல் நம் வழக்கம். அவ்வழக்கைக் குறைகூற யாம் துணியோம். ஆயினும் விழுங்க இயலாதவரின் உதட்டைப் பாலால் நனைத்தாலே போதுமென எண்ணுகின்றோம். அன்பு அளவில் இல்லை. கடைசி மூச்சைத் திணறலின்றிப் போகவிடுதலும் அன்பே.

மூச்சை அடக்கிப் பழகிய சித்தர்களைப் போற்றும் மரபினர் நாம். அம்மூச்சின் வழியை இரவும் பகலும் காத்து நிற்பவனை அறிந்துகொள்வதும் நமக்குக் கடனாகும். இனி யாரேனும் இருமக் கேட்டால் முகஞ் சுளியாது, காவலாளி விழித்திருக்கின்றான் என்று மகிழுங்கள். அவன் ஓய்ந்துபோன வீடுகளிலே, அவனுக்குப் பதிலாக நாம் விழித்திருப்போமாக.