கூட்டமும் கூட்டும்

(கொடுமுடியில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



தென்முகமாய் வரும் காவிரி கிழக்கே திரும்பும் ஊர் கொடுமுடி. ஆடிப் பதினெட்டன்று இவ்வூர்ப் படித்துறையில் கால்வைக்க இடமிராது. பெயர் தெரியாதவரின் பிள்ளை வழுக்கினாலும் பக்கத்தில் நிற்பவர் கை தானே நீளும். இன்று அக்கூட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதனுள் நூற்றுக்கணக்கானோர் கூடிய குழுக்கள் பல இருக்கின்றன. விடிந்தால் காலை வணக்கப் படங்கள் குவிகின்றன. அனுப்பியவர் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி கொண்டுவர அங்கே எவருமிலர். கூட்டம் பெருகியும் தனிமை குறையவில்லையே, எதனால்?

கருவிமேல் பழிபோடுவது எளிது. ஆயின், கண்காணாத் தோழமை தமிழர்க்குப் புதிதன்று. 1908இல் இவ்வூரில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் குரல் இசைத்தட்டில் ஏறி ஊர்தோறும் ஒலித்தது. 1933இல் கணவர் கிட்டப்பா மறைந்தபின் வெள்ளாடை உடுத்துத் தனித்து வாழ்ந்த அவ்வம்மையின் குரலைச் சுற்றி, ஒருவர் முகம் ஒருவர் அறியாப் பல்லாயிரவர் ஒன்றியிருந்தனர். எனினும், கேட்டதோடு அவர்தம் வேலை முடிந்தது.

இணையமோ கேட்பவரையும் வேலைக்கு அழைக்க வல்லது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமே சான்று. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியல் அறிஞர் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள் கூலி கருதாது தமிழ் நூல்களைக் கணினியில் தட்டெழுதினர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் பிழைதிருத்தினார். தமிழ் பேச ஆளில்லாத ஊரில், பகல் வேலை முடித்து வந்து, இரவில் நூலொன்றின் எழுத்துகளை ஒவ்வொன்றாக அடிப்பவரின் தனிமையை எண்ணிப் பாருங்கள்! அவ்வேலைக்கு ஆரவாரம் ஆகாது, தனிமையே வேண்டும். தாம் விட்ட ஒற்றெழுத்தைக் கண்டுபிடிக்க எங்கோ ஒருவர் இருக்கிறார் என்பதே அவர்க்குத் துணை. (ஒற்றுப்பிழை கண்டு தமிழர் அடையும் மகிழ்ச்சிக்கு உலகில் ஈடுண்டோ!) ஒரு கணினியில் தமிழாய்த் தெரிந்தது மற்றொன்றில் வெறுங்கிறுக்கலாய்த் தெரிந்த காலம் அது, ஒருங்குறி பரவிய பின்னரே அவ்விடர் தீர்ந்தது. அன்று உழைத்தோர் பெயர்களை அந்நூற்கோப்புகளின் தலைப்பில் இன்றும் காணலாம். கொடுமுடிப் பள்ளி மாணவர் காசின்றிச் சங்கநூல் படிப்பது அவர்கள் உழைப்பாலன்றோ?

வேறுவகைக் குழுவும் கொங்குநாட்டில் வளர்கிறது. சாதிப்பெயர் தாங்கிய அக்குழு, தன்னுள் இருப்பவரின் தனிமையை அச்சமாக்கி, அச்சத்தைப் பகையாக்குகிறது. அங்கும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகின்றனர்! குலப்பெருமை பேச வாயுண்டு. மொழியை அதன் எழுத்தில் எழுத விரலில்லை. இதனைக் கூட்டு என்பதற்கில்லை.

இளைஞர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. காலிங்கராயன் வாய்க்காற் கரையில் மஞ்சள் பயிரிடும் முதியோர் இன்னும் இருக்கின்றனர். மஞ்சளை விரலி என்றும் கிழங்கு என்றும் பிரித்துரைப்பது பலரும் அறிந்ததே. பாத்தி கட்டுதல், நீர் பாய்ச்சுதல், வேகவைத்தல், உலர்த்துதல் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வழங்கும் சொற்களைக் கேட்டெழுதியவர் மிகச் சிலரே. ஐவர் சேர்ந்து, ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, மற்றவர் சரிபார்த்துத் தமிழ் விக்சனரியில் ஏற்றலாம். கைப்பேசி முன்பே கையில் இருக்கிறது. முதியோர் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர்.