ஷாட் தெரிந்தால் சாட்சி வலுக்கும்

(சினிமாவில் உதவி ஒளிப்பதிவாளராக வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர், சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சினிமா ஷாட்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னார்கள். பெரியவர்களும் கேளுங்கள். இன்று காசிமேட்டில் வீட்டுக்கு ஒரு கேமரா இருக்கிறது, போனில்.

இடம் முழுக்கத் தெரிந்தால் வைட் ஷாட். ஆள் தலை முதல் கால் வரை தெரிந்தால் லாங் ஷாட். இடுப்புக்கு மேலே மிட் ஷாட். முகம் மட்டும் குளோசப். நின்ற இடத்திலேயே கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால் பேன், மேலும் கீழும் என்றால் டில்ட். கீழிருந்து அண்ணாந்து எடுக்கும் லோ ஆங்கிள் ஆளைப் பெரிதாக்கும். மேலிருந்து எடுக்கும் ஹை ஆங்கிள் சிறிதாக்கும். கதை நடக்கும் ஊர் எதுவென்று முதலில் காட்டுவது எஸ்டாப்ளிஷிங் ஷாட்.

இதெல்லாம் வெறும் பெயர் இல்லை. 2017-இல் வந்த ‘சென்னை புறம்போக்கு’ பாடல் வீடியோ எண்ணூரில் எடுத்தது. டி.எம்.கிருஷ்ணா பாடுவதைக் குளோசப்பில் மட்டும் காட்டியிருந்தால் அது ஒரு கச்சேரி. சுற்றியிருக்கும் கழிமுகத்தையும் காட்டியதால் அது நம் வழக்கு ஆனது.

அதே 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தது. வாளியில் அள்ளியவர்களின் கையில் படிந்த கருப்பைக் குளோசப் காட்டும். கரை எவ்வளவு தூரம் கறுத்தது என்பதை வைட் ஷாட்தான் சொல்லும். இரண்டும் வேண்டும்.

நம் குழுவில் வரும் சாக்கடை வீடியோக்கள் பெரும்பாலும் குளோசப். “இது எந்தத் தெரு?” என்று ஒரு அதிகாரி கேட்டால் பதில் இல்லை. ஆகவே முதலில் தெருப் பெயர்ப் பலகை தெரிய வைட் ஷாட். அங்கிருந்து வெட்டாமல், மெதுவாகப் பேன் செய்து அடைப்புக்கு வாருங்கள். பிறகு குளோசப். போனைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். ஒவ்வொன்றிலும் பத்து நொடி நில்லுங்கள். அதன் பிறகு ‘நம்ம சென்னை’ செயலியில் புகாரோடு படத்தையும் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அழுகிற அம்மா, குடித்து விழுந்த மனிதர், குழந்தைகள் ஆகியோரின் முகத்தைக் கேட்காமல் குளோசப் எடுக்காதீர்கள். வெளியூர்க் கேமராக்கள் நம்மை அப்படி எடுத்தால் கோபப்படுகிறோம் அல்லவா?

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. அக்டோபர் மழைக்கு முன் உங்கள் தெருக் கால்வாயை இந்த மூன்று ஷாட்டில் எடுத்து வையுங்கள். மழைக்குப் பின் அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாரும் மறுக்க முடியாது.