கோவளம்: ஒரு கடற்றுறையின் கதை



கேளம்பாக்கத்தில் பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்து கிழக்கே பிரியும் வழி, உப்பளங்களுக்கு நடுவே ஓடி, பக்கிங்காம் கால்வாயையும் உப்பங்கழியையும் கடந்து, சிறிது தொலைவில் கோவளத்தை அடைகின்றது. அவ்வழியே தர்காவுக்குச் செல்வோர் உண்டு. மீன் வாங்கச் செல்வோர் உண்டு. கடலாடச் செல்வோர் மிகப் பலர். ஊரின் வரலாற்றைக் கேட்டுச் செல்வோர்தாம் அரியர்.

'கோவளம்' என்னும் சொல்லுக்குக் கடலுள் நீண்ட தரைமுனை என்று அகராதிகள் பொருள் கூறும். குமரி முனைக்கு அருகிலும் திருவனந்தபுரத்தை அடுத்தும் இதே பெயருடைய ஊர்கள் இருத்தலை எண்ணுக. நிலத்தின் வடிவமே பெயராயிற்று. ஆங்கிலேயர் இதனைக் 'கோவ்லாங்' எனத் திரித்து எழுதினர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையில் இடம்பிடிக்கப் பெரும்போட்டி நிலவியது. வடக்கே சென்னையில் ஆங்கிலேயர். தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர். அதற்கும் தெற்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். இவர்களுக்கிடையே எஞ்சிய இடைவெளியில் வந்து இறங்கியவர்கள், இன்று பெல்ஜியம் எனப்படும் நாட்டின் ஆஸ்டெண்ட் துறைமுகத்து வணிகர்கள். அந்நாடு அப்போது ஆஸ்திரியப் பேரரசர் ஆறாம் சார்லசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1722ஆம் ஆண்டில் அவர் ஆஸ்டெண்ட் கம்பெனிக்கு வாணிக உரிமைப் பட்டயம் அளித்தார். வங்கத்தில் பாங்கிபசாரும் தமிழகத்தில் கோவளமும் அவர்களுடைய தலங்களாயின.

புதியவரை ஆங்கிலேயரும் பொறுக்கவில்லை, டச்சுக்காரரும் பொறுக்கவில்லை. பேரரசருக்கோ ஆண்மகவு இல்லை. தம் மகள் மரியா தெரசா அரசுரிமை எய்துவதை ஐரோப்பிய அரசுகள் ஏற்க வேண்டும் என்பதே அவருடைய பெருங்கவலை. அதற்கு விலையாக 1727இல் கம்பெனியின் பட்டயத்தை நிறுத்தி வைத்தார். 1731ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையால் கம்பெனி ஒழிக்கப்பட்டது. வியன்னாவில் ஓர் இளவரசியின் முடிக்காகப் பேசப்பட்ட பேரத்தில் கோவளத்துக் கிடங்கும் விலைபோயிற்று. இச்சிற்றூர் உலக வரலாற்றில் தலைகாட்டும் இடம் இதுவே எனலாம்.

பின்னர் இங்கே ஆர்க்காட்டு நவாபின் கோட்டை இருந்தது. 'சாதத் பந்தர்' என்பது அதன் பெயர். 'பந்தர்' என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். பதிற்றுப்பத்திலும் பந்தர் என்றொரு துறைமுகப் பட்டினம் பேசப்படுகின்றது. இவ்விரு சொற்களின் உறவு தனியே ஆராய்தற்குரியது.

1750இல் பிரெஞ்சுக்காரர் இக்கோட்டையைச் சூழ்ச்சியால் கவர்ந்தனர். கரைக்கு எதிரே நங்கூரமிட்ட கப்பல் ஒன்று, மாலுமிகள் நோயால் மடிகின்றனர் என்று இரக்கம் வேண்டியது. கோட்டையார் மனமிரங்கி 'நோயாளிகளை' உள்ளே ஏற்றனர். இரவில் அந்நோயாளிகளே மறைத்து வைத்த ஆயுதங்களுடன் எழுந்து காவலரை அடக்கினர். இரக்கத்திற்குக் கிடைத்த கைம்மாறு அது!

1752இல் கிளைவ் படையெடுத்து வந்தார். அவருடன் வந்த ஐரோப்பியர் இருநூற்றுவரும் இலண்டன் தெருக்களில் திரட்டப்பட்ட, பயிற்சியற்ற ஆட்கள். முதற்குண்டில் ஒருவன் மாளவே மற்றவர் ஓட்டம் பிடித்தனர். பீரங்கி ஒலி கேட்டு மறைந்த காவலன் ஒருவன் சில நாழிகை கழித்துக் கிணற்றின் அடியில் கண்டுபிடிக்கப்பட்டான் என்று மெக்காலே எழுதுகின்றார். அத்தகையவரைக் கொண்டே கிளைவ் கோவளத்தை வென்றார், செங்கற்பட்டையும் வென்றார். அதன்பின் கோவளத்துக் கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

அவ்விடத்தில் 1970களில் கடற்கரை விடுதி ஒன்று எழுந்தது. அது 'டச்சுக் கோட்டை' இருந்த இடம் என்று சுற்றுலா ஏடுகள் பல எழுதிவருகின்றன. ஆஸ்டெண்ட் வணிகரை இக்கரையிலிருந்து அகற்ற முயன்றவருள் டச்சுக்காரரும் அடங்குவர். அவர் பெயரையே இவ்விடத்திற்குச் சூட்டுவது எவ்வளவு பொருந்தாத செயல்! அவர்தம் கோட்டையைக் காண வேண்டுவோர் சதுரங்கப்பட்டினம் செல்க. அங்கே இன்றும் அதன் மதில்கள் உள்ளன. கோவளத்தில் ஆண்ட நவாபின் பெயரும் மறைந்தது; வாணிகம் செய்தவரின் பெயரும் மறைந்தது.

கோட்டை மறைந்தாலும் இரண்டு அடக்கத்தலங்கள் மறையவில்லை. ஒன்று, நபிகள் நாயகத்தின் தோழராகப் போற்றப்படும் தமீம் அன்சாரி அவர்களின் தர்கா. சமய வேறுபாடின்றி நோயுற்றோரும் நேர்ந்துகொண்டோரும் அங்கே வருகின்றனர். மற்றொன்று கார்மேல் அன்னை ஆலயம். சென்னையில் பெருஞ்செல்வராய் விளங்கிய போர்த்துகீசிய மரபு வணிகர் ஜான் டிமான்டியின் கல்லறை அவ்வாலயத்தில் உள்ளது. 1821இல் மறைந்த அவர் தம் பெருஞ்சொத்தை அறப்பணிகளுக்கு விட்டுச் சென்றார். ஆழ்வார்ப்பேட்டையில் அவர் பெயரால் ஒரு குடியிருப்பும் இருந்தது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படம் ஒன்று அக்குடியிருப்பைப் பேய்வீடாக்கியது. அதன்பின் டிமான்டி என்றவுடன் இளைஞர் நினைவுக்கு வருவது அச்சம், அறம் அன்று. கோவளத்து மீனவக் குடும்பங்களோ ஞாயிறுதோறும் அக்கல்லறையைக் கடந்தே திருப்பலிக்குச் செல்கின்றன.