பால்மரம் தந்த சொற்கள்

(மெர்கோங்கில் நடைபெற்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புதுச் சொற்களைப் படைப்பவர் யார்? புலவர் என்போம். அது உண்மைதான். வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என மாற்றிக்கொண்டார் மறைமலையடிகள். 1916-இல் அவர் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் பயனை நம் கோயில் அழைப்பிதழிலேயே காணலாம். கும்பாபிஷேகம் குடமுழுக்கு ஆயிற்று. கர்ப்பக்கிருகம் கருவறை ஆயிற்று. நம் காலத்தில் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 'இணையம்' என்ற சொல்லைத் தந்தார். உலகத் தமிழர் அனைவரும் அதை ஏற்றுக்கொண்டனர்.

ஆனால் கெடாவில் வாழும் நமக்கு இன்னொரு விடையும் உண்டு. ஏடு தொடாத நம் பாட்டன் பாட்டிமாரும் சொல் படைத்தவர்களே!

கடல் கடந்து வந்தவர்கள் ஊரில் கண்டிராத மரத்தின் முன் நின்றார்கள். எருக்கிலும் ஆலிலும் வடிவதைப் பால் என்று அழைத்துப் பழகியவர்கள் அல்லவா? 'பால்மரம்' என்றார்கள். கோப்பையில் சேராமல் பட்டையில் காய்ந்ததை 'ஒட்டுப்பால்' என்றார்கள். மலாய்க்காரரின் கெத்தா 'கித்தா' ஆனது. மங்கோக் 'மங்கு' ஆனது. விடியுமுன் துரை நடத்திய பரேடு 'பெரட்டு' ஆனது. பிள்ளைகளை விட்டுச் சென்ற இடம் 'ஆயாக்கொட்டகை' ஆனது. அந்தச் சொற்களில் அவர்கள் வியர்வையும் இருக்கிறது, தாயின் ஏக்கமும் இருக்கிறது.

வாயில் பிறந்த சொல்லுக்கு ஆயுள் தருபவர் எழுத்தாளர். தமிழகத்து அகிலன் நம் தோட்ட வாழ்வை நாவலாக்கியபோது, 'பால்மரக் காட்டினிலே' என்று பெயரிட்டார். தொழிலாளி வைத்த பெயர் நூலின் முகப்பில் ஏறியது! நம் கெடா மண்ணின் எழுத்தாளர் சீ. முத்துசாமி தோட்டத்துப் பேச்சையே இலக்கியமாக்கினார். 2017-இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது.

அன்பர்களே, இன்று எத்தனையோ தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில இடங்களில் அதுவும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. லயங்கள் இல்லை, பெரட்டுக்களம் இல்லை. 'மங்கு என்றால் என்ன தாத்தா?' என்று பேரப்பிள்ளை கேட்கிறான். பதில் சொல்லத் தாத்தா இன்னும் எத்தனை நாள் இருப்பார்?

தோட்டக் கோயிலை இழந்தபோது, சாமியைப் பத்திரமாக எடுத்து வந்து வேறிடத்தில் நிறுவினோம். சொற்களை மட்டும் அங்கேயே விட்டுவரலாமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குடும்பமும் வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பத்துச் சொற்களைப் பொருளோடு எழுதித் தாருங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்குச் சில பக்கங்களை அறவாரியம் ஒதுக்கட்டும். கற்கோயிலுக்குக் கொடுத்த கைகள் இந்தச் சொற்கோயிலுக்கும் கொடுக்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.