வழியோரச் சமாதானமும் வாகனக் காப்புறுதியும்



கினிகத்தேனையைக் கடந்து ஹட்டனுக்கும், ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா ஊடாக நுவரெலியாவுக்கும் ஏறிச்செல்லும் பெருந்தெரு காண்பவருக்கு இனியது. வாகனம் செலுத்துபவருக்கோ சோதனை மிக்கது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பள்ளம், இடையிடையே கண்ணை மறைக்கும் பனிமூட்டம். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லப் பகுதியில் பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதுண்டு 7 பேர் மாண்ட துயரம் இன்னும் மறக்கப்படவில்லை. எனினும், உயிர்ச்சேதமின்றித் தகரம் நசுங்குவதோடும் விளக்கு உடைவதோடும் முடியும் விபத்துகளும் பலவுண்டு. அவ்வாறு அடிபட்ட புதுக்கார் ஒன்றை மீண்டும் ஒழுங்காக ஓடச்செய்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். சேமலாப நிதியாய்க் கிடைத்த பணத்தோடு லீசிங் கம்பனிக் கடனையும் சேர்த்து அவர் ஒரு புதுக்கார் வாங்குகிறார். 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதாயினும், வரிச்சுமையால் கார் வாங்குவது வீடு கட்டுவதற்கு ஒப்பான காரியமாகிவிட்டது. வாங்கிய மூன்றாம் வாரம், மழையில் வழுக்கி வந்த லொறி ஒன்று அதன் முன்பக்கத்தை இடித்துவிடுகிறது. சாரதி இறங்கிவந்து, “ஐயா, பொலிசுக்குப் போகவேண்டாம். என் பிழைப்புப் போய்விடும். கையிலிருப்பதைத் தந்துவிடுகிறேன்” என்று மன்றாடுகிறான். அவனும் தோட்டத்துப் பிள்ளைதான். பெரியவர் மனம் இளகுகிறது. ஒரு சிறு தொகையை வாங்கிக்கொண்டு, இனித் தமக்குக் கோரிக்கை எதுவுமில்லை என்று ஒரு தாளில் ஒப்பமிட்டுக் கொடுக்கிறார்.

இரக்கம் நற்குணமே, ஆனால் அந்த ஒப்பம் எத்தகைய விளைவைத் தரும் என்பதை அவர் அறிந்திலர். முழுமையான காப்புறுதி பெற்ற வாகனத்தைப் பிறர் இடித்தால், அவ்வாகனத்துக்குக் காப்புறுதி அளித்த கம்பனி முதலில் நட்டஈடு வழங்கும். பின்னர், உரிமையாளரின் இடத்தில் தான் நின்று, இடித்தவரிடமிருந்தோ அவருடைய காப்புறுதிக் கம்பனியிடமிருந்தோ அப்பணத்தை அறவிட முயலும். உரிமையாளர் தமது உரிமையை வழியோரத்திலேயே விட்டுக்கொடுத்துவிட்டால், கம்பனிக்கும் அவ்வுரிமை இல்லாமற் போகிறது. ஆதலின் கம்பனி நட்டஈட்டை மறுக்கவும் இடமுண்டு. சில நாட்களின்பின் கராஜில் முன்பக்கத்தைக் கழற்றியபோது, வாங்கிய தொகை பெயின்ட் செலவுக்கும் போதாது என்று பெரியவர் காண்கிறார்.

சாரதிக்கேனும் இதனால் நன்மை உண்டா என்றால், அதுவும் இல்லை. தெருவில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதி இருத்தல் வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. இங்கிலாந்தில் 1930ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டம் வந்துவிட்டது. வாகனத்தால் பிறருக்கு நேரும் தீங்குக்கு ஏழைச் சாரதியின் சட்டைப்பை ஈடுகொடுக்க இயலாது என்பதே அச்சட்டங்களின் அடிப்படை. லொறியின் காப்புறுதி செலுத்தக்கூடிய பணத்தை, வழியோரச் சமாதானம் ஒரு நாட்கூலிக்காரனின் குடும்பத்தின்மீது சுமத்திவிடுகிறது. பொலிஸ் வழக்கும் தண்டமும் அவனுக்கு வரக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் புதுக்காரைத் திருத்தும் செலவோடு ஒப்பிடுகையில் அவை பெரும்பாலும் சிறியனவே. ஆகவே சட்டத்தின் வழியே இருவருக்கும் இரக்கமான வழி.

விபத்து நேர்ந்ததும் செய்யத்தக்கவை சிலவே. காயமுற்றோர் உளரா என்று பார்த்தல் முதற்கடமை. பின் வாகனங்கள் நின்ற நிலையைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்து, மற்ற வாகனத்தின் இலக்கத்தையும் காப்புறுதிச் சான்றிதழின் விவரத்தையும் குறித்துக்கொண்டு, காப்புறுதிக் கம்பனிக்கும் பொலிசுக்கும் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும். பெயரையும் முகவரியையும் பரிமாறிக்கொள்ளலாம். குற்றத்தை ஏற்பதோ மன்னிப்பதோ அவ்விடத்திற் கூடாது.

இனி, விபத்துக்கு முன்னரே செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, பத்திரத்திற் குறித்த மதிப்பைச் சரிபார்த்தல். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. வாகன விலையும் உதிரிப்பாக விலையும் ஏறின. பழைய மதிப்பிலேயே காப்புறுதியைப் புதுப்பித்தவர்கள் இன்னலுற்றனர். ஒரு கோடி ரூபா பெறுமதியான காரை 60 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவருக்கு 10 இலட்சம் ரூபா சேதம் நேர்ந்தால், விகிதாசார நிபந்தனையுள்ள பத்திரத்தின்படி 6 இலட்சமே கிடைக்கும். மிகுதி 4 இலட்சம் அவர் தலையில் விழும்.

இரண்டாவது, உண்மையை உரைத்தல். காப்புறுதி கேட்பவர் தமக்குத் தெரிந்த முக்கிய விவரங்களை மறைத்தல் கூடாது என்ற நியதியை, 1766ஆம் ஆண்டில் இலண்டனில் மான்ஸ்பீல்ட் பிரபு ஒரு தீர்ப்பில் நிலைநாட்டினார். சுமாத்திராத் தீவின் கோட்டையொன்றைப் பற்றிய வழக்கு அது. அந்நியதி ஹட்டன் நகர வாகனத்துக்கும் பொருந்தும். சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி பெற்ற வானில் கூலிக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவதும், விபத்தின்பின் சாரதியின் பெயரை மாற்றிக் கூறுவதும் கோரிக்கையை அடியோடு கெடுப்பன.

திருத்தவேலையைப் பற்றியும் ஒரு சொல். கம்பனியின் மதிப்பீட்டாளர் பார்த்து அங்கீகரிக்குமுன் எதையும் கழற்றுதல் ஆகாது. இக்காலத்துக் காரின் பம்பருக்குப் பின்னே சென்சர்களும் மின்கம்பிகளும் இருக்கக்கூடும். மேலே ஒரு கீறலாகத் தோன்றுவது உள்ளே பெருஞ் சேதமாக இருக்கலாம். கழற்றிய பின் தெரியவரும் சேதத்துக்கு மேலதிக மதிப்பீடு கோருதல் உரிமை. அயலிலுள்ள கராஜ் மலிவாயிருக்கலாம்; ஆயினும் உற்பத்தியாளர் உத்தரவாதம் நீடிக்கும் காரை எங்கு திருத்தலாம் என்பதை முன்னதாகவே எழுத்திற் கேட்டறிதல் நன்று. பழுது மிகச் சிறிதாயின், கோரிக்கை வைப்பதால் இழக்கும் தவணைக் கழிவையும் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும்.

கம்பனி நியாயமின்றி மறுக்குமாயின், முதலில் அக்கம்பனிக்கே எழுத்தில் முறையிடுதல் வேண்டும். அதன்பின்னும் தீர்வில்லையேல், காப்புறுதிதாரர் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனையோ, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவையோ நாடலாம்.

அந்தப் பெரியவர் செய்திருக்கவேண்டியது சாரதியைக் கடிந்துகொள்வதன்று. “தம்பி, பயப்படாதே, உன் காப்புறுதியும் என் காப்புறுதியும் இதற்காகத்தான் இருக்கின்றன” என்று கூறி, குளிரில் நடுங்கிய அவனுக்கு ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிக்கொடுத்து, இருவருமாகப் பொலிஸ் வரும்வரை காத்திருப்பதே. அதுவே அவனுக்கும் தமக்கும் அவர் செய்திருக்கக்கூடிய பேருதவி.