சந்துகள் சொல்லும் சரித்திரம்

(தொழிலாளர் வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)

ஒரு நகரத்தின் சரித்திரத்தை அறிய வேண்டுமென்றால், அரண்மனையைப் பார், கோபுரத்தைப் பார், சிலைகளைப் பார் என்கிறார்கள். நாம் இன்று சந்துகளையும் முற்றங்களையும் பார்ப்போம். இடித்துத் தள்ளப்பட்ட வீடுகளையும் மதில்களையும் பற்றிப் பேசுவோம். பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரம் அது. பட்டு நெசவாளிகளின் நகரம்.

லியோனில் ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள். சோன் ஆற்றின் மேற்குக் கரையில், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே நெருக்கியடித்துக் கொண்டிருக்கிறது பழைய ஊர். தெருக்கள் எல்லாம் ஆற்றை ஒட்டி நீளவாட்டில் ஓடுகின்றன. குறுக்குத் தெரு மிகக் குறைவு. பக்கத்துத் தெருவுக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டும். ஆகவே வீடுகளுக்குள்ளேயே வழி விட்டார்கள். தெருக் கதவைத் தள்ளினால் இருண்ட நடை. நடையைத் தாண்டினால் முற்றம். முற்றத்தில் கிணறு, சுழல் படிக்கட்டு. மறுபடியும் ஒரு நடை. வெளியே வந்தால் அடுத்த தெரு! இந்த வழிகளுக்கு அவ்வூரில் 'த்ராபூல்' என்று பெயர். குறுக்கே நடப்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது.

தறி கட்டிய வீடு

1536இல் பிரான்ஸ் மன்னன் முதலாம் பிரான்சுவா லியோனில் பட்டு நெசவுக்குச் சலுகை கொடுத்தான். அன்றிலிருந்து தொழில் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜக்கார்டு என்பவரின் தறி வந்தது. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு நூல்களைத் தூக்கி இறக்கிப் பூ வேலை செய்யும் தறி. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் பட்டுத் தறியின் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதே, அந்த ஜக்கார்டுப் பெட்டி பிறந்த ஊர் இதுதான்.

இந்தத் தறி உயரமானது. பழைய வீடுகளில் அடங்கவில்லை. 1789 புரட்சிக்குப் பிறகு, குருவா ரூஸ் என்ற குன்றில் மடங்களுக்குச் சொந்தமாயிருந்த நிலங்கள் விற்கப்பட்டன. அங்கே நாலு மீட்டர் உயரக் கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட அடுக்கு வீடுகள் எழுந்தன. உயரம் யாருக்காக? மனிதனுக்காகவா? தறிக்காக! தறி நின்ற அதே அறையில் சமையல். மேலே பலகை அடித்த பரணில் குடும்பத்தின் படுக்கை. நாளொன்றுக்கு 15 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை. தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்தில் செத்த இந்த மக்களைக் 'கனூ' என்று அழைத்தார்கள்.

குன்று செங்குத்தானது. வளைந்து செல்லும் தெருவைவிட, படிக்கட்டுகளும் முற்றங்களும் வழியாக இறங்குவது சுருக்கம். கீழே வியாபாரிகளின் கிடங்குகள். வியாபாரி பட்டு நூலை நிறுத்துக் கொடுப்பான். நெசவாளி நெய்த துணியைச் சுமந்து கொண்டு இந்தச் சந்துகள் வழியே இறங்குவான். அங்கே மறுபடியும் நிறுவை, குறை காண்பது, கூலிப் பேரம். தறி நெசவாளியுடையது, நூல் வியாபாரியுடையது, விலையைச் சொல்லும் வாயும் வியாபாரியுடையது. சுமார் 8,000 தறிச் சொந்தக்காரர்களும், அவர்களிடம் கூலிக்கு நெய்த சுமார் 30,000 பேரும் சில நூறு வியாபாரிகளை நம்பி வாழ்ந்தார்கள். கூலிக்கு நெய்தவனுக்கும் தறிச் சொந்தக்காரனுக்கும் இடையே வழக்கு இல்லாமலில்லை. ஆனால் இருவர் வயிற்றிலும் அடித்த கை ஒன்றுதான்.

1831: ஒரு கூலிப் பட்டியலுக்காக

இந்த நெசவாளிகள் முதலில் ஆயுதம் எடுக்கவில்லை. பரஸ்பர உதவிச் சங்கம் கண்டார்கள். 1831 அக்டோபரில் தங்களுக்கென்று ஒரு வாரப் பத்திரிகையும் தொடங்கினார்கள். குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். மாவட்ட அதிகாரி முன்னிலையில் இரு தரப்புப் பிரதிநிதிகளும் கூடி, அக்டோபர் 25ஆம் தேதி பட்டியல் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட வியாபாரிகள் அதை ஏற்க மறுத்தார்கள். வெளிநாட்டுப் போட்டி தாங்காது என்றார்கள். கூலியை அரசாங்கம் நிர்ணயிப்பது சட்டத்துக்கு விரோதம் என்றார்கள். இந்தப் பாட்டை நாமும் கேட்டிருக்கிறோம் அல்லவா?

நவம்பர் 21ஆம் தேதி தறிகள் நின்றன. நெசவாளிகள் 'கிராண்ட் கோத்' என்ற செங்குத்தான தெரு வழியாக நகரத்துக்கு இறங்கினார்கள். கீழே வியாபாரிகள் நிறைந்திருந்த தேசியக் காவல் படை அவர்களைச் சுட்டது. சிலர் விழுந்தார்கள். அதன் பிறகே தடுப்பரண்கள் எழுந்தன. உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம் என்று எழுதிய கறுப்புக் கொடி ஏறியது. குருவா ரூஸ் பகுதியின் காவல் படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் நெசவாளிகள். அவர்கள் தங்கள் ஜனங்களோடு சேர்ந்தார்கள். ராணுவத்துக்குத் தெருக்கள் மட்டுமே தெரியும். நெசவாளிக்கு ஒவ்வொரு நடையும், ஒவ்வொரு முற்றமும் தெரியும். 23ஆம் தேதி விடிவதற்குள் ராணுவம் நகரத்தைவிட்டு வெளியேறியது.

நகரம் நெசவாளிகள் கையில்! கொள்ளையடித்தார்களா? இல்லை, காவல் நின்றார்கள். ஆனால் கைக்கு வந்த அதிகாரத்தை என்ன செய்வதென்று அவர்களுக்கு விளங்கவில்லை. கேட்டதெல்லாம் கூலிப் பட்டியல்தான். டிசம்பர் 3ஆம் தேதி மன்னனின் மகனும் யுத்த மந்திரியும் சுமார் 20,000 துருப்புகளோடு நுழைந்தார்கள். பட்டியல் ரத்து. அதற்குத் துணை நின்ற அதிகாரியும் பதவி நீக்கப்பட்டார். 1831 லியோன் எழுச்சியைத் தொழிலாளி வர்க்கத்தின் முதல் எழுச்சி என்று எங்கெல்ஸ் பின்னாளில் குறித்தார்.

1834 ஏப்ரலில் மறுபடியும் போர். சங்கங்களை ஒடுக்கும் சட்டம் ஒரு பக்கம். வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது வழக்கு மறு பக்கம். இம்முறை ராணுவம் பாடம் கற்றிருந்தது. சந்துக்குள் நுழைந்து சிக்கிக் கொள்வானேன்? பீரங்கியாலும் வெடியாலும் வீடுகளையே தகர்த்தது. ஆறு நாள் சண்டையில் இரு தரப்பிலும் சேர்த்து 300க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நெசவாளிகளின் பத்திரிகையும் அவ்வாண்டோடு நின்றது.

ஆனால் தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 1835இல் அதே கிராண்ட் கோத் தெருவில் கூட்டுறவுக் கடை ஒன்றைத் திறந்தார்கள். பிரான்சின் முதல் நுகர்வோர் கூட்டுறவு முயற்சிகளில் அது ஒன்று. 1838இல் மூட வேண்டி வந்தது; ஆயினும் அந்த விதை வீண் போகவில்லை.

மதில் போனது, வீடும் போனது

குருவா ரூஸுக்கும் நகரத்துக்கும் இடையே கோட்டை மதில் இருந்தது. மதில் எதிரியைத் தடுக்கத்தான் என்பார்கள். 1831க்குப் பிறகு யார் எதிரி என்பதில் ஆட்சியாளர்களுக்குச் சந்தேகமில்லை. 1848 புரட்சியின்போது 'வொராஸ்' என்ற தொழிலாளர் குழுவினர் கோட்டைகளைக் கைப்பற்றி, தங்களை நோக்கி நின்ற மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். 1849 ஜூனில் அவர்கள் பீரங்கியால் நசுக்கப்பட்டார்கள். இன்று அக்குன்றில் ஆறு மாடிப் படிக்கட்டு வானம் பார்த்து நிற்கும் முற்றம் ஒன்று அவர்கள் பெயரைத் தாங்கியிருக்கிறது. மதில் 1865இல் முழுதும் அகற்றப்பட்டு அகன்ற சாலையாயிற்று.

அதே காலத்தில், 1850களில், இரண்டு ஆறுகளுக்கும் நடுவே நகரத்தின் மையத்தில் பழைய வீடுகளையும் சந்துகளையும் இடித்து நேரான ராஜபாட்டை ஒன்று போட்டார்கள். காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்றார்கள். வேண்டியதுதான்! அழுக்கும் இருட்டும் நிறைந்த வீட்டில் ஏழை சாக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இடிபட்ட வீட்டில் இருந்தவன் புதுத் தெருவில் குடியேறினானா? வாடகை அவனை ஊரோரத்துக்குத் துரத்தியது. நேரான தெருவில் துருப்புகளும் சுலபமாக நடக்கலாம்.

சந்துகளின் வேலை முடியவில்லை. 1942 நவம்பரில் ஹிட்லரின் படை லியோனைப் பிடித்தது. 1944 செப்டம்பரில் நகரம் விடுதலையாகும் வரை எதிர்ப்புப் போராளிகள் இதே நடைகளில் சந்தித்தார்கள், கடிதம் மாற்றினார்கள், தப்பினார்கள்.

யுத்தத்துக்குப் பிறகு பழைய ஊரின் நடுவே மோட்டார் சாலை போடத் திட்டம் வந்தது. குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். 1962இல் பழைய பகுதிகளைக் காக்கும் சட்டம் பிறந்தது. 1964இல் அச்சட்டப்படி பிரான்சில் முதலாவதாகக் காக்கப்பட்ட பகுதி பழைய லியோன்தான். கிராண்ட் கோத் தெருவுக்கு அந்த யோகமில்லை. 1970களில் அதன் மேற்பகுதியில் நெசவாளிகளின் வீடுகள் இடிக்கப்பட்டன. இன்று அங்கே படிக்கட்டும் பூங்காவும். 1998இல் நகரத்தின் மையப் பகுதியை யுனெஸ்கோ உலகச் சொத்தாக அறிவித்தது. நூற்றுக்கணக்கான த்ராபூல்களில் சில டஜன் பகலில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. பராமரிப்புச் செலவில் பங்கு தந்து நகரசபை வழியுரிமையைப் பெற்றிருக்கிறது. மற்றவை பூட்டிய கதவுகளுக்குப் பின்னே.

தறிக்காக உயர்த்திய கூரைகளின் கீழே இன்று வசதியுள்ளவர்கள் விரும்பிக் குடியேறுகிறார்கள். பயணிகள் முற்றத்தின் தூணையும் படியையும் புகைப்படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும்; அழகான இடம்தான். ஆனால் அந்தப் படியில் துணிச் சுமையோடு இறங்கியவனின் கூலி என்ன, அது எப்படிக் குறைக்கப்பட்டது, அவன் ஏன் கறுப்புக் கொடி ஏற்றினான் என்பதையும் சொன்னால்தான் கல்லுக்குப் பொருள் உண்டு.

ஆகவே தோழர்களே, ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். உங்கள் ஊரில் மில் லயன் இருந்த இடம், முதல் சங்கக் கூட்டம் நடந்த திண்ணை, கூலி கேட்டு உட்கார்ந்த களத்துமேடு ஆகியவை எங்கே என்று வயதான தோழர்களிடம் கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். லியோன் நெசவாளிகள் தங்கள் பத்திரிகையில் எழுதி வைத்துப் போனதால்தான், வீடு இடிந்த பிறகும் அவர்கள் குரல் நமக்குக் கேட்கிறது.