ஏழு பத்து பஸ்ஸுக்குப் போற பெண்களும் நம்ம குழுக்களும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



போன மாதக் கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. கிராமத்துப் பக்கம் குழுக்கள் பத்து வருஷம், பதினைஞ்சு வருஷம் நிற்குது. டவுனை ஒட்டின நகர்களில் மட்டும் ஏன் ரெண்டு வருஷத்துல கலைஞ்சு போகுது? கேட்டவங்க என்னைப் பார்த்துத்தான் கேட்டாங்க. அன்னைக்கு எனக்குப் பதில் சொல்ல வரலை. இன்னைக்குச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமா போனா மணி அடிச்சிராதீங்க.

நான் கல்யாணம் ஆகி வந்தது திருநள்ளாறு பக்கம் ஒரு கிராமத்துக்கு. அங்கே மதியம் மூணு மணிக்கு ஒரு குரல் குடுத்தா குழு கூடிடும். நடவு, களை எல்லாம் முடிஞ்சு பெண்கள் வீட்டுக்கு வந்திருக்கும் நேரம் அது. அப்புறம்தான் பிள்ளைகள் படிப்புக்காகக் காரைக்கால் ஓரத்தில் ஒரு மனை வாங்கி வந்தோம். நகர்னு பேரு. பேருக்கு முன்னாடி அது வயல். கடைமடை வயல். சம்பா அறுத்த தாளைப் பார்த்தவங்க இன்னும் எங்க தெருவுலேயே இருக்காங்க. மண்ணடிச்சு மேடாக்கி, கல் ஊன்றி, தெருவுக்குப் பூ பேரெல்லாம் வச்சாங்க. பூச்செடிதான் ஒண்ணும் இல்லை.

இங்கே குடி வந்தவங்க யாருன்னு பாருங்க. காரைக்காலுக்கு மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். வேலை எல்லையைப் பார்க்கிறதில்லை. 2009லே வாஞ்சூர்ப் பக்கம் துறைமுகம் வந்தது. என்.ஐ.டி. வந்தது, ஜிப்மர் கிளை வந்தது. அங்கே வீடு துடைக்க, சமைக்க, காவல் காக்க ஆள் வேணும். எங்க நகர்ப் பெண்களில் சிலர் அதுக்குப் போறாங்க. இன்னும் சிலர் நாகூர், நாகப்பட்டினம் போய் ஜவுளிக் கடையிலும் பாத்திரக் கடையிலும் நிற்கிறாங்க. மயிலாடுதுறைக்குப் போற நர்ஸ் பெண்கள் ரெண்டு பேர் உண்டு. நாகப்பட்டினம் இருபது கிலோமீட்டர்தான். ஆனா பஸ்ஸுக்கு நடந்து, காத்திருந்து, ஏறி, இறங்கி, மறுபடி நடந்து பாருங்க, ஒரு நாளில் மூணு மணி நேரம் ரோட்டிலேயே போயிடும். 2021லிருந்து தமிழ்நாட்டுச் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதனால எல்லை தாண்டி நாகூரில் இறங்கி, அந்த பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறவங்களும் இருக்காங்க. பதினைஞ்சு ரூபாய் மிச்சம், அரை மணி நேரம் செலவு.

என் பாட்டி சொல்வாங்க, பிரெஞ்சுக்காரன் காலத்தில் இந்த எல்லையில் சுங்கச் சாவடி இருந்துச்சு, மடியை அவிழ்த்துப் பார்ப்பான்னு. 1954 நவம்பர் 1ஆம் தேதியோடு அது போச்சு. இப்ப எல்லைன்னு தெரியறது ரெண்டு விஷயத்தில்தான். ஒண்ணு பெட்ரோல் பங்க், இன்னொண்ணு சாராயக் கடை. அந்தப் பக்கத்து ஆம்பளைங்க சாயங்காலம் இந்தப் பக்கம் வந்து குடிச்சிட்டு ரோட்டோரம் நிற்பாங்க. அதே நேரத்துக்குத்தான் எங்க பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டில் நடந்து வருவாங்க. இதை மேடையில் சொல்லக் கூடாதுன்னு சிலர் நினைக்கலாம். சொல்லாம இருந்தா விளக்குக் கம்பம் வராது.

சென்னையில் என் சின்னம்மா இருக்காங்க, தாம்பரத்துக்கும் அந்தாண்ட. கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931லேயே வந்துடுச்சாம். தொண்ணூறு வருஷத்துக்கு மேலா ஊரே அந்த ரயில் நேரத்துக்குப் பழகிப் போச்சு. பெண்கள் பெட்டியிலேயே பூ கட்டுறாங்க, சீட்டுப் பணம் குடுக்கல் வாங்கல் நடக்குது. நமக்கு நாகூர்ப் பாதையில் 2011லே ரயில் வந்தது. பேரளம் பாதையிலும் மறுபடி தண்டவாளம் போட்டாச்சு. ஆனா கடையில் நிற்கிற பெண்ணுக்கு ஏற்ற நேரத்தில் ரயில் இருக்கணுமே. எங்களுக்கு பஸ்தான்.

பகல் பதினோரு மணிக்கு எங்க நகருக்கு வந்து பாருங்க. கிழவிகளும் நாய்களும்தான் இருப்பாங்க. பேர் தெரியாது, ‘பச்சை கேட் வீடு’, ‘தண்ணி டேங்க் வீடு’ன்னுதான் சொல்லுவோம். 2021 நவம்பர் மழையில் வடிவாய்க்கால் இருந்த இடத்தில் வீடு நின்னதால தண்ணி போக வழியில்லை. வீட்டுக்குள்ளே முழங்கால் அளவு. பச்சை கேட் வீட்டில் ஒரு ஆயா தனியா கட்டில் மேலே உட்கார்ந்திருந்தாங்க. மகள் நாகப்பட்டினத்தில் கடையில். அந்த ஆயா உள்ளே இருக்காங்கன்னு தெரிஞ்சது எங்க குழுப் பெண் ஒருத்திக்கு மட்டும்தான், ஏன்னா அந்த மகள் எங்க உறுப்பினர். தூக்கிட்டு வந்தோம். அதுவரைக்கும் குழுன்னா கடனுக்குன்னு நினைச்சிருந்த ஆம்பளைங்க அன்னைக்குத்தான் எங்களைத் திரும்பிப் பார்த்தாங்க. வாய்க்காலுக்கு மனு குடுத்தோம். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டுச்சு. அது தனிக் கதை.

நான் சொல்ல வந்தது அந்த மகளைப் பற்றி.

எங்க குழுவில் பன்னிரண்டு பேர். கிராமத்திலிருந்து நான் கொண்டு வந்த பழக்கம், புதன்கிழமை மூணு மணிக் கூட்டம். நாலு பேர் வருவோம். மத்தவங்க பிள்ளை கையில் பணம் குடுத்து அனுப்புவாங்க, கையெழுத்தை ராத்திரி வீடு வீடா வாங்குவோம். பஞ்ச சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம்: கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு. முதல் சூத்திரமே எங்ககிட்ட பொய்யா இருந்துச்சு. தரம் பிரிக்க வந்தப்போ மாட்டிக்கிட்டோம். எனக்குக் கோபம். கூட்டம் கூட்டி, தொடர்ந்து மூணு கூட்டம் வராதவங்களை நீக்கிடலாம்னு தீர்மானம் போட்டோம். எழுதினது நான்தான். என் கையெழுத்து நல்லா இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க.

முதலில் நீங்கினது அந்தத் தங்கச்சி பேர். ஜவுளிக் கடையில் காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை நிற்கிற பொண்ணு. வாரத்தில் ஒரு நாள் சுழற்சி லீவு, அது புதன்கிழமை வந்தா உண்டு, இல்லைன்னா இல்லை. மாசம் 200 ரூபாய் சேமிப்பு, 31 மாசம் ஒரு மாசம் கூட விடலை. 6,200 ரூபாயையும் பங்கு வட்டியையும் எண்ணிக் குடுத்தோம். வாங்கிக்கிட்டு ஒண்ணும் சொல்லலை. அதுவே எனக்கு உறுத்துச்சு, ஆனா சட்டம் சட்டம்தானேன்னு இருந்துட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு அந்த ஆயாவுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சது. எங்ககிட்ட உள்கடன் கேட்க முடியாது. அஞ்சு பேர் சேர்ந்தா கடன் குடுக்கிற ஒரு நிதி நிறுவனத்தில் 30,000 வாங்குச்சு. வாரம் 690 ரூபாய், ஐம்பது வாரம். கூட்டிப் பாருங்க, 34,500. நம்ம குழுவில் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. குறையற அசலுக்குக் கணக்குப் போட்டா அங்கே கிட்டத்தட்ட ரெண்டரை ரூபாய் ஆகுது.

வட்டியை விட எனக்கு வலிச்சது வேற. அந்த வசூல்காரத் தம்பி காலையில் ஆறரைக்கு எங்க தெருவுக்கு வந்து நிற்பான். ஏன்னா ஏழு பத்து பஸ்ஸுக்கு இந்தப் பெண்கள் கிளம்பிடுவாங்கன்னு அவனுக்குத் தெரியும். எங்கிருந்தோ வர்ற அவன் எங்க பெண்களோட நேரத்தைத் தெரிஞ்சு வச்சிருக்கான். அதே தெருவில் இருக்கிற நான் மூணு மணியைப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன்.

யோசிச்சுப் பார்த்தேன். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் குழுக்கள் ஆரம்பிச்சப்போ, 1992இல் நபார்டு வங்கி குழுக்களுக்குக் கடன் குடுக்க ஏற்பாடு பண்ணினப்போ, மனசில் இருந்தது கிராமத்துப் பெண். காட்டு வேலை முடிஞ்சு மரத்தடியில் வந்து உட்காருவா. கூட்டம் தவறாம நடக்கணும்னுதான் சூத்திரம் சொல்லுது. மூணு மணிக்கு நடக்கணும்னு எங்கேயும் இல்லை. அது நானா சேர்த்தது.

அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புன்னு பெரிய வார்த்தை எல்லாம் பேசலை, மறுபடி சேர்ந்துக்கன்னேன். “என் பேரை அடிச்சது நீங்கதானேக்கா”ன்னுச்சு. ஆமான்னேன். பழைய குழுவில் சேர மாட்டேன்னுடுச்சு. அது நியாயம்தான். ஆனா ஒரு வாரம் கழிச்சு, அதே பஸ்ஸில் போற பெண்கள் ஒன்பது பேரைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டு வாசலில் வந்து நின்னுச்சு. எல்லாம் பஸ்ஸிலேயே பேசி முடிச்சிட்டாங்க. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு, பிள்ளையார் கோயில் மண்டபத்தில். அரைத் தூக்கத்தில் இருப்பாங்க, ஆனா பத்துப் பேரும் இருப்பாங்க. கணக்கு எழுத நான் உட்காருகிறேன், மற்றதெல்லாம் அவங்களே.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சிடாதீங்க. அந்தப் பத்துப் பேரில் மூணு பேருக்கு ரேஷன் கார்டும் ஆதார் முகவரியும் இன்னும் தமிழ்நாட்டுப் பக்கம். வாடகை வீடு, வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டேங்கிறார். வங்கிக் கடன்னு வரும்போது அவங்க பேர் நிற்குமான்னு பயமா இருக்கு. அங்கே போய்க் கேட்டா ‘நீங்க காரைக்கால்லே இருக்கீங்க’ங்கிறாங்க, இங்கே கேட்டா ‘உங்க கார்டு அங்கே’ங்கிறாங்க. ரெண்டு அரசும் பெண்களுக்கு மாசாமாசம் உதவித்தொகை குடுக்குது; இவங்களில் ஒருத்திக்கு ரெண்டும் இல்லை.

அதனால கூட்டமைப்பை ரெண்டு கேட்கிறேன். நம்ம மாதாந்திரக் கூட்டமும் பயிற்சியும் வேலை நாள் காலை பதினோரு மணிக்கே நடக்குது. எங்க குழுப் பிரதிநிதி வந்தா ஒரு நாள் கூலி போகுது, அந்தப் பொண்ணு இதுவரைக்கும் மூணு தடவை இழந்திருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது ராத்திரியோ ஞாயிற்றுக்கிழமையோ வையுங்க. ரெண்டாவது, முகவரிச் சான்று விஷயத்தில் ஒரு ஒரு பெண்ணா அலையறதை விட்டு, கூட்டமைப்பு பேரிலேயே ஒரு மனு குடுப்போம். பட்டியல் நான் எழுதி வச்சிருக்கேன். எங்க நகர்லே மட்டும் பதினாலு பேர். மத்த நகர்க்காரங்க உங்க பேரையும் சேர்க்கணும்னா சாப்பாட்டுக்கு அப்புறம் என்னைப் பாருங்க, நோட்டு கையிலேயே இருக்கு.

எங்க அடுத்த கூட்டம் வர்ற ஞாயிறு. நிர்வாகிகள் யாராவது வந்து பார்க்கணும். பஸ் தாமதமானா பத்து நிமிஷம் காத்திருப்போம்.